பிறவுணி உதிர்க்கும் மாதம்

கச்சான் காற்றுத் தொடங்கிய மூன்றாம் நாள்
பிறவுணி உதிர்க்கத் தொடங்கினாள்.
"மயிர் எண்டு சொல்லாதீங்க, பிள்ளை நிக்குது,
உரோமம் எண்டு சொல்லுங்க" என்றாள் ரெஜினா.
சரி, உரோமம்.
கதிரைத் துணியில் உரோமம்.
நுளம்பு வலையில் உரோமம்.
சொதிக்குள் ஒன்று,
கறிவேப்பிலைக் காம்பு போல நடித்துக்கொண்டு.
அதை மட்டும் நான் மயிர் என்றுதான் சொன்னேன்.

எனக்கு வேலை சீனக்குடா மா ஆலையில்,
பொதி கட்டும் பகுதி.
வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி.
உள்ளே போகும் கதவில் நிஸ்தார் நிற்பார்,
கையில் அகலமான டேப்.
தோளில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார்.
"அலோசியஸ், இந்த நிறம் உங்கட தலையில இல்லையே."
மூன்று தரம் என் பெயர் எழுதப்பட்டது.
நாலாந்தரம் என்றால் கடிதம்.

அதற்கு முந்திய மார்கழியில்
சைக்கிளுக்குப் பின்னால் பாலையூற்றிலிருந்து
டவுன் மட்டும் ஓடிவந்தவள்
குப்பைத் தொட்டியடியில் ஒரு கலைமானோடு கொழுவினாள்.
யாரோ மிச்சம் விட்ட சோற்றுப் பாசலுக்காக.
மான் என்றால் சாது என்பவர்கள்
திருகோணமலைக்கு வந்து பார்க்கட்டும்.
கொம்பு விலாவில் இறங்கியது.
கிண்ணியாவிலிருந்து வரும் சுமையா டொக்டர்
ஒரு கை அகலத்துக்குச் சிரைத்து
ஏழு தையல் போட்டா.

"இனி எப்ப வளரும்?"
"உறங்கிற நேரத்தில சிரைச்சாச்சு. அது எழும்பவேணும்."
நான் விளங்காமல் நிற்க, அவ சொன்னா:
மனிசன்ர தலைமயிர் வருசக்கணக்கா நீளும்.
நாய்க்கு அப்படியில்லை. தன்ர அளவு வந்ததும்
வளர்றது நிண்டுடும். நிண்டாலும் விழாது.
அந்தக் குழியிலேயே சும்மா குந்தியிருக்கும்
கீழ புதுசு முளைச்சுத் தள்ளுற வரைக்கும்.

அன்றைக்கு இரவு ஷிப்டில் அதையே யோசித்தேன்.
காதில் அரை அங்குலம், வாலில் மூன்று,
மூக்கடியில் தூசளவு.
ஒவ்வொன்றும் தன் அளவில் தானே நிற்கிறது.
நான் கட்டும் பொதிக்கு
தராசு வேண்டியிருக்கிறது, ஒரு சுப்பவைசரும்.

தை போனது. மாசி போனது.
தையல் பிரித்த இடம் சாம்பல் தோலாய்
ஒரு காணித்துண்டு போல வெறுமையாய்க் கிடந்தது.
தேங்காய் எண்ணெய் பூசினேன். நக்கிவிட்டாள்.
வேப்பெண்ணெய் பூசினேன்.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கச்சான் வந்து
உடம்பெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தபோதுதான்,
என் பெயர் மூன்று தரம் எழுதப்பட்ட அதே மாதத்தில்,
அந்தச் சதுரம் மட்டும் முளைத்தது.
வெள்ளையாக.

மாக்கையோடு தடவிவிட்டேன் என்று நினைத்து
ஈரத்துணியால் தேய்த்தாள் ரெஜினா.
போகவில்லை.
பிறகு சவர்க்காரம்.
பிறகு இருவரும் நிலத்தில் குந்தியிருந்து பார்த்தோம்.
கபில நாயில், கொம்பு போன இடத்தில்,
கிட்டத்தட்ட என் உள்ளங்கை.

அதற்குப் பிறகு உடுப்பைப் பொலித்தீனில் கட்டிக்கொண்டுபோய்
ஆலைக் கழிவறையில் மாற்றத் தொடங்கினேன்.
நாலாவது கடிதம் வரவில்லை.

இது அடுத்த கச்சான்.
நேற்று நிஸ்தார் தோளில் ஒற்றினார், முதுகில் ஒற்றினார்,
டேப்பை வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பினார்.
"போங்க."

உள்ளே, ரியூப் லைற்றுக்கு நேர் கீழே,
கைமுட்டியில் கண்டேன்.
முக்கால் அங்குலம். வெள்ளை.
பார்க்கத் தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும்.

திரும்பிப்போய்ச் சொல்லியிருக்கலாம்.
கீழே விட்டால் மாவுக்குள் போகும்,
மூதூரில் யாரோ ஒருத்தரின் பாணுக்குள்.
எங்கள் சட்டைகளுக்குப் பை கிடையாது.
பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது.

நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு
தேத்தண்ணி மணி அடிக்கும்வரை
ஒருவரோடும் பேசாமல் பொதி கட்டினேன்.